கை கொடுக்க ரெண்டு பேர்

பதினோரு வருடம் மற்றவர்கள் கையில் ஊசி குத்தியே சோறு தின்றவள் அவள். நானூறு படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. காலை ஆறரைக்கு லேப் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாற்பது பேர் சீட்டும் கையுமாக நிற்பார்கள். ஒன்பதரைக்குள் அத்தனை பேருக்கும் ரத்தம் எடுத்து, குழாய்களில் பெயர் ஒட்டி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். "கடிச்சதே தெரியலம்மா" என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லப்போக, அவளுக்குக் கொசு என்று பெயர் விழுந்துவிட்டது. "நரம்பு கெடைக்கலையா? கொசுவக் கூப்பிடு" என்று டாக்டர்களே சொல்வார்கள்.

அந்தக் கொசு இப்போது வேறொரு நாட்டில், வேலை அனுமதி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால், தன் அனுபவச் சான்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்து ஏழு மாதம். இந்த அலுவலகத்துக்கு வருவது ஐந்தாவது முறை.

"பதினோரு வருடம் என்று போட்டிருக்கிறது," என்றாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், அந்த நாட்டு மொழியில். "ஆனால் இங்கே எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறீர்கள்?"

"இங்கே யாரும் வேலை தரவில்லை. இங்கே அனுபவம் இல்லை என்கிறார்கள்."

"அனுபவம் இல்லையென்றால் அனுமதி தர முடியாது. அனுமதி இல்லையென்றால் அனுபவம் கிடைக்காது. உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அதை அந்த மொழியில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்தப் பெண் சிரித்திருக்க மாட்டாள்.

அன்று அந்தப் பெண் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். செய்முறைத் தேர்வு ஒன்று உண்டாம். அதில் தேறினால் பழைய அனுபவத்தில் ஒரு பங்கையாவது கணக்கில் எடுப்பார்களாம். அடுத்த தேர்வு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதை விட்டால் நான்கு மாதம் கழித்து.

பஸ்ஸில் உட்கார்ந்து படிவத்தைப் படித்தாள். தேர்வு எழுதுபவர் இரண்டு பேரைத் தன்னோடு அழைத்து வரவேண்டும். அந்த இரண்டு பேர் கையிலும் ரத்தம் எடுத்துக் காட்டவேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று முறைதான் ஊசி குத்தலாம். இரண்டு பேரில் ஒருவர் குடும்பத்தைச் சேராதவராக இருக்கவேண்டும். அதற்குக் கீழே, யாரெல்லாம் குடும்பம் என்று ஒரு பட்டியல்.

ஊசி அவளுக்குப் பயமில்லை. ஆனால் இந்த ஊரில் அவள் நெருங்கிப் பழகியது மொத்தம் மூன்று பேரோடுதான். புருஷன், புருஷனின் அண்ணன், அண்ணனின் பெண்டாட்டி. அந்தக் கடைசி ஆள் அவளுக்கு ஓரகத்தி. அவர்கள் வீட்டில்தான், ஹாஸ்டலுக்குப் படிக்கப் போயிருந்த மகளின் அறையில், புருஷனும் பெண்டாட்டியும் ஒண்டியிருந்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் படிவத்தைக் காட்டினாள். மர நாற்காலி, மேஜை அடுக்கிவைக்கும் கிடங்கில் அவனுக்குச் சுமை தூக்குகிற வேலை. ஆள் பார்க்க வாட்டசாட்டம். ஆனால் ஊசி என்றால் ஏழு ஊருக்கு அப்பால் ஓடுவான். 

"குடும்பத்துல இல்லாத ஆளுன்னா யாரு இருக்கா?" என்றான் படித்துவிட்டு.

"மத்தவங்கள நான் பாத்துக்கறேன். மொதல் ஆளு நீங்க."

அவன் முகம் வெளுத்தது. "குத்தும்போது நான் வேற பக்கம் பாக்கலாம்ல?"

"கண்ண மூடிட்டு சாமிகூட கும்பிடுங்க. கைய மட்டும் ஆட்டாதீங்க."

"சரி," என்றான் பலியாடு மாதிரி. "வியாழக்கிழமை லீவு கேக்கறேன்."

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சோப்பு பேக் செய்கிற ஃபாக்டரியில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவள். வீட்டிலும் அதே வேகத்தில்தான் நடப்பாள், அதே சத்தத்தில்தான் பேசுவாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சூப்பர்வைசருக்கு பதில் சொல்லணும்னு சொன்னேனா இல்லையா? ஒரு எடம் காலியா வந்திருக்கு. உனக்காக நான் வாய விட்டுக் கேட்டு வச்சிருக்கேன்."

"ஞாபகம் இருக்குக்கா. இந்தத் தேர்வு வியாழக்கிழமைதான். அது முடிஞ்சதும்—"

"இந்த ஊருக்கு வந்த டீச்சரும் பேக்கிங்லதான் நிக்கறா, பேங்க்ல இருந்தவளும் பேக்கிங்லதான் நிக்கறா. உனக்கு மட்டும் என்ன, ஊசிய கைல பிடிச்சுக்கிட்டே பொறந்தியா?"

அவள் படிவத்தை மடித்துவைத்தாள். ஒண்ட வந்த இடத்தில் பதிலுக்குப் பதில் பேச முடியுமா? ஓரகத்தி சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் குத்தியது.

மறுநாளிலிருந்து குடும்பத்தைச் சேராத ஒரு கையைத் தேடி அலைந்தாள். மொழி கற்றுக்கொடுக்கும் வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரியைக் கேட்டாள். அந்தப் பெண் தன் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மளிகைக் கடைக்காரரைக் கேட்டாள். "சர்க்கரை இருக்கா கொழுப்பு இருக்கான்னு பாத்து ரிசல்ட் தருவாங்களா?" என்றார். தரமாட்டார்கள் என்றதும் தக்காளியை எடை போடத் திரும்பிவிட்டார். கடைசியில் மேல்மாடித் தையல்காரி, "இதுக்கா இவ்வளவு தயங்குற? நான் வரேன் போ," என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

புதன்கிழமை முழுவதும் மேஜைமேல் ரப்பர் குழாயை நீட்டி வைத்து, மூடிய பேனாவை ஊசியாக நினைத்துக்கொண்டு பழகினாள். விரல்கள் மறக்கவில்லை. வாய்தான் தடுமாறியது. தேர்வில் எல்லாவற்றையும் அந்த நாட்டு மொழியிலேயே பேசவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, இதற்கு முன் மயக்கம் வந்திருக்கிறதா. நான்கு கேள்விகளையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். சில சமயம் மருந்துக்கும் மயக்கத்துக்கும் வார்த்தை மாறிப் போனது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. தையல்காரி. அவசரமாக ஒரு ஆர்டர் வந்துவிட்டதாம், முதலாளி விடமாட்டேன் என்கிறாராம். "தப்பா நெனச்சுக்காத" என்று மூன்று தடவை சொன்னாள்.

"பரவாயில்லைங்க" என்று போனை வைத்துவிட்டு அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. புருஷன் சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு நின்றான். "நான் ரெண்டு கையும் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா?" என்றான். அவன் அதை நிஜமாகவே கேட்டான் என்பது தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஃபாக்டரிச் சீருடையில், சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்த ஓரகத்தி அறை வாசலில் நின்றாள்.

"என்னவாம்?"

"அந்தக்கா வரலையாம் அண்ணி," என்றான் புருஷன். "குடும்பத்துல இல்லாத ஆளு வேணும். இனிமே எங்க போய்த் தேடறது?"

"அந்தப் பேப்பரக் குடு."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஓரகத்தி அந்தப் பட்டியலை விரல் வைத்துப் படித்தாள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவனின் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள். விரல் அதோடு நின்றது. திருப்பி முதலிலிருந்து படித்தாள்.

"இதுல ஓரகத்தியக் காணோமே," என்றாள்.

"ஆமாக்கா... அவங்க மொழில அதுக்கு வார்த்தையே கெடையாது."

"அப்ப இவங்க கணக்குல நான் உனக்கு யாருமே இல்ல."

ஓரகத்தி சாப்பாட்டு டப்பாவைக் கட்டில்மேல் வைத்தாள். போனை எடுத்து ஃபாக்டரிக்குப் பேசினாள். உடம்பு சரியில்லை, இன்றைக்கு வரமுடியாது என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தில் நம்பவில்லை போலிருக்கிறது, இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது.

"அக்கா, உங்களுக்கு நரம்பே கெடைக்காதேக்கா," என்றாள் அவள். பிரசவத்தின்போது ஏழு இடத்தில் குத்தி, கை கத்தரிக்காய் மாதிரி ஆன கதையை ஓரகத்தியே எத்தனையோ முறை சொல்லியிருந்தாள்.

"கெடைக்கற நரம்ப எடுக்கறதுக்கு நீ எதுக்கு? நடம்மா, பஸ் போயிடும்."

தேர்வு நடந்த இடம் ஒரு பயிற்சிப் பள்ளியின் முதல் மாடி. வெள்ளை வெளிச்சம், மருந்து நெடி, திரை போட்டுப் பிரித்த ஆறு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் சாய்வு நாற்காலி, தட்டு, கை கழுவும் தொட்டி. அவளுக்கு வந்த தேர்வாளர் நரைத்த தலை, அட்டையில் செருகிய தாள், கழுத்தில் தொங்கும் பேனா. அவர் கோபமாகவும் இல்லை, அன்பாகவும் இல்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

முதலில் புருஷன். நாற்காலியில் உட்காரும்போதே நெற்றி வேர்த்துவிட்டது. அவள் நான்கு கேள்விகளையும் கேட்டு முடித்து, கை கழுவி, கையுறை மாட்டி, ரப்பர் பட்டையைக் கட்டினாள். சுமை தூக்கிய கை, நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

"ஒண்ணும் இல்லங்க, மூச்ச இழுத்து விடுங்க," என்றாள், பழக்கத்தில்.

"தேர்வு மொழியில் பேசவும்," என்றார் தேர்வாளர்.

அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் கலைந்துவிட்டது. அவள் தொழிலில் பாதி பேச்சுதான் என்பது அதுவரை அவளுக்கே தெரியாது. வீடு எங்கே, எத்தனை பிள்ளை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பேசிக்கொண்டே இருப்பாள். ஆள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது ஊசி உள்ளே போயிருக்கும். இப்போது வாய் வார்த்தையைத் தேடியது, விரல் வாய்க்காகக் காத்திருந்தது. ஊசி போனது. குழாயில் ரத்தம் வரவில்லை.

கயிறு மாதிரி இருந்த நரம்பைத் தவறவிட்டுவிட்டாள்.

"ஒன்று," என்றார் தேர்வாளர். எழுதிக்கொண்டார்.

காதுக்குள் இரைச்சல் கேட்டது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள். புருஷன் கண்ணைத் திறக்காமலே இன்னொரு கையை நீட்டினான். உதடு நடுங்கியது, ஆனால் கை ஆடவில்லை. இம்முறை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. குழாய் நிறைந்தது.

"இரண்டு. அடுத்தவர் வரலாம்."

ஆக, மிச்சம் ஒன்றே ஒன்று. புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். ஓரகத்தி உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்து, சீருடைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். மெழுகு பூசின மாதிரி வழவழவென்று இருந்தது கை. ஒரு கோடு தெரியவில்லை.

"உங்கள் பெயரைச் சொல்லுங்கள்," என்று ஆரம்பித்தாள்.

ஓரகத்தி பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'அக்கா' என்று மட்டுமே கூப்பிட்ட ஆளின் முழுப் பெயரை அவள் கேட்டு எழுதினாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அந்த மொழியில் பேசுவது அதுதான் முதல்முறை. அதில் அக்காவும் இல்லை, நீயும் நீங்களும் இல்லை. யாரோ இரண்டு பேர் பேசுகிற மாதிரி இருந்தது.

"பிறந்த தேதி?"

சொன்னாள்.

"மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

ஓரகத்தி தேர்வாளரைப் பார்த்தாள், பிறகு ஊசித் தட்டைப் பார்த்தாள்.

"ஆம். சாப்பிடுகிறேன்."

"என்ன மருந்து?"

"ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. ஒரு வருடமாக. காலில் ரத்தம் உறைந்துவிட்டது. அதிக நேரம் நிற்பதால் என்று டாக்டர் சொன்னார்."

பேனாவைப் பிடித்திருந்த அவள் கை நின்றுவிட்டது. ஒரு வருடம். அதில் ஏழு மாதம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஒரே குளியலறையில். ஒரு மாத்திரை உறையைக்கூட அவள் பார்த்ததில்லை.

"வீட்டில் யாருக்காவது..." என்று தொடங்கியவள், அது பட்டியலில் உள்ள கேள்வி இல்லை என்று நிறுத்தினாள்.

"யாருக்கும் தெரியாது," என்றாள் ஓரகத்தி, அதே மொழியில், பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "என் கணவருக்கும் தெரியாது."

தேர்வாளர் பேனாவை எடுத்தார். "இந்த நிலையில் என்ன செய்யப்போகிறீர்கள்?"

அது நிறுத்தச் சொல்கிற கேள்வியா, தொடரச் சொல்கிற கேள்வியா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் தேர்வு போச்சு. தொடர்ந்து, ரத்தம் நிற்காமல் போனால் தேர்வோடு போகாது. ஆனால் பழைய லேபில் வாரத்துக்கு இரண்டு பேராவது இந்த மாத்திரைக்காரர்கள் வருவார்கள். அதை நினைத்ததும் காது இரைச்சல் கொஞ்சம் அடங்கியது.

"சின்ன ஊசி எடுக்கிறேன்," என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக. "ஒரே ஒரு குழாய். பிறகு ஐந்து நிமிடம் நானே அழுத்திப் பிடிப்பேன். நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டுப் போடுவேன்." பிறகு ஓரகத்தியிடம் திரும்பினாள். "உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

கையைக் கீழே தொங்கப்போடச் சொன்னாள். விரலை மடக்கி விரிக்கச் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முழங்கை மடிப்பில் வைத்தாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும். துணியை எடுத்துவிட்டு விரல் நுனியால் தேடினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு, ஆழத்தில், பஞ்சுக்குள் நூல் மாதிரி ஏதோ ஒன்று நெகிழ்ந்து கொடுத்தது. நகர்ந்தது. திரும்பக் கிடைத்தது.

"இப்போது சிறிதாக வலிக்கும்," என்றாள்.

ஓரகத்தி கண்ணை மூடவில்லை. ஊசியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயில் ரத்தம் ஏறியது.

பிறகு ஐந்து நிமிடம். பஞ்சை வைத்து, கட்டைவிரலால் அழுத்தியபடி நின்றாள். பக்கத்துத் தடுப்புகளில் ஆட்கள் மாறினார்கள். தேர்வாளர் ஒருமுறை, "போதும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை," என்றாள். ஐந்து நிமிடம் ஆனதும் பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு துளி கசிந்தது. இன்னும் இரண்டு நிமிடம் பிடித்தாள். இரண்டாம் தடவை தூக்கியபோது காய்ந்திருந்தது.

தேர்வாளர் அட்டையைக் கவிழ்த்தார். "முடிவு தபாலில் வரும்."

படிக்கட்டில் இறங்கும்போது, புருஷன் முன்னால் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டு, ஓரகத்தி தமிழுக்குத் திரும்பினாள். "வீட்டுல வாயத் தொறந்த, தொலைச்சுடுவேன்."

"நோயாளி சொன்னத வெளில சொல்லக்கூடாதுக்கா. சட்டம்."

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க சொல்லலாம். நீங்கதான் சொல்லணும்."

"தெரிஞ்சா வேலைய விடச் சொல்லுவாரு. பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் விட முடியாது," என்றாள் ஓரகத்தி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினாள். அவள் அப்படி இறங்குவதை இவள் அன்றுதான் கவனித்தாள்.

தபால் எப்போது வரும், என்ன சொல்லும், யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை காலை அவள் சூப்பர்வைசருக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஓரகத்திக்குப் பக்கத்திலேயே நின்றாள். சோப்பு ஓடி வரும், ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்கவேண்டும். மதியத்துக்குள் அவளுக்குக் கால் மரத்துவிட்டது. இதில் பன்னிரண்டு வருடம் என்று நினைத்து ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு இடைவேளையிலும் ஓரகத்தியைப் பெட்டிமேல் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லிக் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஓரகத்தி திட்டினாள். காலை மட்டும் எடுக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் கண் தபால் பெட்டிக்குப் போகும். தேர்வாளர் "ஒன்று" என்று சொன்ன குரல் பஸ்ஸிலும் கேட்டது, சோறு வடிக்கும்போதும் கேட்டது. கயிறு மாதிரி நரம்பைத் தவறவிட்டவளை எவன் தேறவைப்பான்?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, லாரி ஓட்டுகிற மூத்தவர், ஓரகத்தியின் புருஷன், வீட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஓரகத்தி மாத்திரை உறையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கத்தினார். ஒரு வருடமா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று வீடே அதிரக் கத்தினார். மறுநாள் லாரி எடுக்காமல், அவரே ஃபாக்டரிக்கு வந்து டாக்டர் சீட்டைச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார். லேபிள் சரிபார்க்கிற மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை இருந்தது. அதை வாங்குவதற்கு இன்னும் மூன்று வாரமும் நான்கு கடிதமும் ஆயிற்று. அது வேறு கதை.

தபால் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. புருஷன் ஃபாக்டரிக்கே போன் செய்து படித்துக் காட்டினான். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"தேறிட்டியா இல்லையான்னு மட்டும் சொல்லச் சொல்லு!" என்று ஓரகத்தி பக்கத்திலிருந்து கத்தினாள்.

தேறியிருந்தாள். ஆனால் பதினோரு வருடம் அங்கே இரண்டு வருடமாகச் சுருங்கியிருந்தது. ஆறு மாதம் இன்னொருவர் மேற்பார்வையில், ரத்தம் சேகரிக்கும் நிலையம் ஒன்றில், காலை ஆறு மணி ஷிஃப்ட். 'அவசரப்படாமல் செயல்பட்டார்' என்று கீழே ஒரு வரி இருந்தது. 'மொழிப் பயிற்சி தேவை' என்று இன்னொரு வரி.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது தேர்வுக்குப் போனதைவிட அதிகமாகப் பயந்தாள். மேற்பார்வைப் பெண்ணுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஐந்து பேரைத்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ஓரகத்தி சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"மூணாவது ஆளுக்கு ரெண்டு தடவை குத்தவேண்டியதாப் போச்சுக்கா," என்றாள். அன்று முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு பாத்துக்கிட்டே இருந்தா. நாளைக்கு என்ன சொல்லுவாளோ."

"மீதி நாலு பேரு?"

"அவங்க போயிட்டாங்க."

"உசுரோடதான போனாங்க?" என்றாள் ஓரகத்தி. "அப்பறம் என்ன? கையக் கழுவிட்டு வா, இந்த வெங்காயத்தப் பிடி."